சூடு தங்கிய குழாய்

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியாக வடக்கு நோக்கிப் பத்துக் கிலோமீற்றர் சென்றால் சுன்னாகம் வந்துவிடும். செம்பாட்டு மண்ணும், அதன் கீழே சுண்ணக்கற் பாறையும், பாறையைக் குடைந்து தோண்டிய கிணறுகளும் சேர்ந்து வளர்த்த ஊர் அது. குமாரசுவாமிப் புலவர் (1854–1922) வாழ்ந்து தமிழ் வளர்த்த இடம் என்று கற்றவர்கள் அதனைப் போற்றுவார்கள். வெங்காயமும் வாழைக்குலையும் மரவள்ளிக் கிழங்கும் வந்து குவியும் சந்தையை எண்ணி மற்றவர்கள் அதனை நினைப்பார்கள். எனக்கோ, சுன்னாகம் என்றதும் ஒரு முழ நீளமுள்ள புகைக்குழாய் ஒன்றே இப்பொழுது கண்முன் வந்து நிற்கிறது. அதற்குக் காரணம் என் மாணவன் ஒருவன்.

இணுவிலைச் சேர்ந்த அந்த மாணவனுக்கு வெளிநாட்டில் வாழும் தாய்மாமன் கோயில் திருவிழாவுக்கு வந்தபோது ஒரு படகைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆள் ஏறும் படகன்று. பந்தயத்துக்கென்று செய்த மாதிரிப் படகு. ஒன்றேகால் மீற்றர் நீளம். உள்ளே 26 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள இரண்டடிப்புப் பெற்றோல் இயந்திரம். புல் வெட்டும் கருவிகளில் உள்ள இயந்திரத்துக்கு இது நெருங்கிய உறவு. கரையில் நின்று வானொலி அலையால் இதனைச் செலுத்துகிறார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இவ்வகைப் படகுகளுக்கென்றே சங்கங்களும் போட்டிகளும் உண்டு. நடுக்கம்பத்தில் கம்பியாற் பிணைத்து வட்டமாக ஓடவிடும் இன்னொரு வகைப் படகுகளோ மணிக்கு 200 கிலோமீற்றருக்கு மேலும் பாய்கின்றன.

பையன் அதனைத் தொண்டைமானாற்று நீரேரியில் ஓட்டிப் பார்த்தான். முதற் சுற்றில் அம்பு போலப் பாய்ந்த படகு, இரண்டாம் சுற்றில் நீர்த்துளிகள் மேலே தெறித்தவுடன் சோர்ந்து போயிற்று. கரைக்குக் கொண்டுவந்து சற்று நேரம் வைத்தால் மீண்டும் பாயும். பிறகு மீண்டும் சோரும். எரிபொருளை மாற்றினான், தீப்பொறிச் செருகியை மாற்றினான், பயனில்லை. "சேர், நீங்கள் ஒருக்காப் பார்க்கவேணும்" என்று என்னிடம் வந்தான். பௌதிகவியல் கற்பிப்பவனுக்கு இயந்திரமும் தெரிந்திருக்கும் என்பது மாணவர்களின் நம்பிக்கை. எனக்குத் தெரிந்தது கரும்பலகை இயந்திரம் மட்டுமே. ஆகவே சுன்னாகத்தில் நீரிறைக்கும் இயந்திரங்களைத் திருத்தும் ஒருவரிடம் போவோம் என்றேன். ஒரு சனிக்கிழமை காலை முச்சக்கரவண்டியின் பின்னிருக்கையில் படகைக் குறுக்காக வைத்து, அதற்கு இருபுறமும் நாங்கள் ஒடுங்கி அமர்ந்து புறப்பட்டோம்.

இணுவில் என்றால் நாதஸ்வரமும் தவிலும். அந்த ஊரிலும் அருகிலுள்ள அளவெட்டியிலும் தலைமுறை தலைமுறையாக இசை வளர்த்த குடும்பங்கள் உண்டு. வீதியோரத்தில் வண்டியை நிறுத்தி, நகர்ந்துவிட்ட படகைச் சரிசெய்துகொண்டிருந்த வேளையில், ஒரு வீட்டினுள்ளிருந்து நாதஸ்வரச் சாதகம் கேட்டது. முதலில் சுருதி சற்றுத் தாழ்ந்திருந்தது. சில நிமிடம் ஊதியபின் மெல்ல மெல்ல ஏறித் தன் இடத்தில் நின்றது. பையனுக்கு அது புதிதல்ல. அவன் அந்த ஒலியிலேயே வளர்ந்தவன். "குழல் சூடாகினால்தான் சுருதி சேரும் எண்டு சொல்லுவினம், சேர்" என்றான்.

அதற்கு விளக்கம் எளியது. ஒலி காற்றில் ஓடும் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது. சுழியப் பாகை செல்சியசில் அது நொடிக்கு ஏறத்தாழ 331 மீற்றர். 30 பாகையில் 349 மீற்றர். ஊதுபவரின் மூச்சு ஆச்சாமரக் குழலினுள் இருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. ஒலி வேகமாக ஓடுகிறது. குழலின் நீளமும் துளைகளும் மாறாமலே சுருதி உயர்கிறது. இதனைப் பையனுக்குச் சொன்னேன். சொல்லும்போது படகின் வியாதிக்கு மருந்தும் அதில் அடங்கியிருந்ததை நான் உணரவில்லை.

மருதனார்மடத்தைக் கடந்து சுன்னாகத்தை அடைந்தோம். சந்தைக்குப் பின்புறம் ஓர் ஒழுங்கையில் அந்தப் பட்டறை இருந்தது. தகரக் கூரை, எண்ணெய் ஊறிய நிலம், வரிசையாகப் படுத்திருந்த நீரிறைக்கும் இயந்திரங்கள். அறுபதைத் தாண்டிய பட்டறைக்காரர் படகைப் பார்த்துச் சிரித்தார்.

"மாஸ்ரர், உது விளையாட்டுச் சாமானோ, மெசினோ?"

"இரண்டுந்தான், அண்ணை."

இந்த ஊருக்கும் இயந்திரத்துக்கும் உள்ள உறவைச் சற்றுச் சொல்லவேண்டும். ஒருகாலத்தில் சுன்னாகத்துத் தோட்டங்களுக்குத் துலாவினால் நீர் இறைத்தார்கள். ஒருவர் துலாவின்மேல் முன்னும் பின்னும் நடக்க, இன்னொருவர் கிணற்றடியில் பட்டையைப் பிடித்து ஊற்றுவார். பொழுது விடியுமுன்னே தொடங்கும் வேலை அது. பின்னர் மண்ணெண்ணெய் இயந்திரங்கள் வந்து துலாக்களை ஓய்வெடுக்கச் செய்தன. புகையிலைக்கும் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் அவற்றின் ஓசையோடுதான் நீர் பாய்ந்தது.

1990ஆம் ஆண்டுக்குப் பின் குடாநாட்டின்மீது பொருளாதாரத் தடை விழுந்தபோது, பெற்றோல் காணக் கிடைக்காத பொருளாயிற்று. அப்பொழுது நான் சிறுவன். ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் விட்டுச் சிறு திரி ஏற்றிய விளக்கில் படித்த தலைமுறையைச் சேர்ந்தவன். வீதியில் கார்களும் மோட்டார்ச் சைக்கிள்களும் மண்ணெண்ணெயிலேயே ஓடின. தொடக்குவதற்கு மட்டும் சில துளி பெற்றோல்; சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல எளிதில் ஆவியாவதில்லை. அதனை ஆவியாக்கச் சூடு வேண்டும். இதனாலேயே பழைய மண்ணெண்ணெய் இயந்திரங்களில், எரிபொருட் கலவை உள்ளே போகும் குழாயைப் புகை வெளியே வரும் குழாயோடு ஒட்டவைத்துச் செய்தார்கள். அக்காலத்தில் இயந்திரத்தின் சூட்டைக் காப்பாற்றத் தெரிந்தவரே நல்ல பட்டறைக்காரர் எனப் பெயரெடுத்தார்.

அந்த அனுபவம் உள்ளவர் நம் படகைப் பார்த்தார். பையன் சொன்ன அறிகுறிகளைக் கேட்டார். இயந்திரத்திலிருந்து பின்னோக்கி நீண்டு, நடுவிற் பருத்து முடிவிற் சிறுத்திருந்த குழாயைத் தடவிப் பார்த்தார். அதன்மேல் முன்பு சுற்றியிருந்த நாடா சிதைந்து நூல் நூலாகத் தொங்கியது.

"தம்பி, மெசினிலை ஒரு பிழையுமில்லை. குழாய் குளிர்ந்து போகுது. எங்கடை மண்ணெண்ணெய் மெசினும் மழையிலை நனைஞ்சால் உப்பிடித்தான் படுக்கும்."

நோயை அவர் சரியாகக் கண்டுகொண்டார். காரணம் மட்டும் வேறு. பெற்றோலில் ஓடும் இயந்திரத்தில் எரிபொருள் ஆவியாவதைப் பற்றிய கவலை இல்லை. அப்படியானால் வெளியே போகும் புகையின் சூடு இயந்திரத்துக்கு எதற்கு? இணுவிலில் கேட்ட நாதஸ்வரம் அப்பொழுதுதான் என் நினைவுக்கு வந்தது.

இரண்டடிப்பு இயந்திரத்தில் ஒரு சிக்கல் உண்டு. எரிந்த புகை வெளியேறும் வாயிலும், புதிய கலவை உள்ளே வரும் வாயிலும் சில கணம் ஒன்றாகத் திறந்திருக்கும். அப்போது புதிய கலவையில் ஒரு பகுதி எரியாமலே வெளியே ஓடிவிடும். இதனைத் தடுக்க வந்ததே நடுவிற் பருத்த அந்தக் குழாய். வாயில் திறந்ததும் புகை ஓர் அழுத்த அலையாகக் குழாயினுள் ஓடுகிறது. குழாய் விரியும் பகுதியில் அந்த அலை உறிஞ்சும் அலையாகத் திரும்பி, மீதமுள்ள புகையை வெளியே இழுக்கிறது. குழாய் ஒடுங்கும் பகுதியிலோ தள்ளும் அலையாகத் திரும்பி, வெளியே ஓடிய புதிய கலவையை வாயில் மூடுவதற்குச் சற்று முன்னதாக உருளையினுள் மீண்டும் தள்ளிவிடுகிறது. கதவு சாத்தும் நேரத்தில் முற்றத்துப் பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்பும் தாயின் வேலை அது. சற்று முந்தினாலும் பிந்தினாலும் பயனில்லை.

இந்தக் கலையை உச்சத்துக்குக் கொண்டுவந்தவர் கிழக்கு ஜேர்மனியின் வால்ற்றர் காடென். எம்.செற். மோட்டார்ச் சைக்கிள் நிறுவனத்தில் 1950களில், அலைகாட்டிக் கருவியின் துணையோடு குழாயினுள் ஓடும் அழுத்த அலைகளை ஆராய்ந்து, குழாயின் வடிவை அவர் திருத்திக்கொண்டே போனார். 1961இல் அவருடைய 125 கன சென்ரிமீற்றர் இயந்திரம் 25 குதிரைவலு தந்தது. கொள்ளளவில் ஒரு லீற்றருக்கு 200 குதிரைவலு என்ற கணக்கு அது. அதே ஆண்டில் அந்த நிறுவனத்தின் ஓட்டவீரர் ஏர்ன்ஸ்ற் டெக்னர் மேற்கு நாட்டுக்குத் தப்பிச்சென்று யப்பானின் சுசுகி நிறுவனத்தோடு சேர்ந்தார். அறிவும் அவரோடு சேர்ந்து போயிற்று. அடுத்த ஆண்டே 50 கன சென்ரிமீற்றர்ப் பிரிவில் அவர் சுசுகி வண்டியில் உலக வெற்றி பெற்றார். மாணவனின் படகில் இருந்த குழாய் அந்தக் குடும்பத்தின் கடைக்குட்டி.

பட்டறையில் கிடந்த காட்போட் துண்டில் கணக்கைப் போட்டுக் காட்டினேன். இயந்திரம் நிமிடத்துக்கு 15,000 தடவை சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுழற்சிக்கு ஒரு நொடியில் ஆயிரத்தில் நான்கு பங்கு. அலை போய்த் திரும்பும் தூரம் 75 சென்ரிமீற்றர் என்க. புகை 500 பாகை செல்சியசில் இருந்தால் ஒலி அதில் நொடிக்கு ஏறத்தாழ 557 மீற்றர் ஓடும். 300 பாகைக்குத் தணிந்தால் 480 மீற்றர். முதலாவதில் அலை 1.35 மில்லிசெக்கனில் திரும்பும், இரண்டாவதில் 1.56 மில்லிசெக்கன் ஆகும். வேறுபாடு ஒரு மில்லிசெக்கனில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆயினும் அந்தச் சிறு பொழுதில் இயந்திரம் ஏறத்தாழ 20 பாகை சுழன்றுவிடுகிறது. அலை திரும்பி வரும்போது கதவு சாத்தியாயிற்று!

நீர்த்துளி தெறித்துக் குழாய் குளிர, அலை பிந்த, படகு சோர்ந்தது இதனாலேதான். சுற்றியிருந்த நாடா நல்ல நிலையில் இருந்த காலத்தில் அது சூட்டை உள்ளே நிறுத்தி, அலையின் வேகத்தை ஒரே அளவில் வைத்திருந்தது. பையன் காட்போட்டை வாங்கி இரண்டு தடவை சரிபார்த்தான். பட்டறைக்காரர் கணக்கைப் பார்க்கவில்லை. "சுத்தினால் சரி" என்று சொல்லிக்கொண்டே மூலையில் இருந்த தகரப் பெட்டியைத் திறந்து, வெண்மையான தடித்த கயிறு ஒன்றை எடுத்தார்.

"பழைய சாமான், தம்பி. நெருப்பிலை போட்டாலும் எரியாது. தடைக்காலத்திலை எத்தனை மெசினுக்கு இதைச் சுத்தினனான் தெரியுமோ?"

பையன் கையை நீட்டினான். கயிற்றிலிருந்து மெல்லிய தூள் பறந்து, கூரைத் துவாரத்தினூடாக விழுந்த வெயிற் கீற்றில் மின்னியது. "தொடாதையும்!" என்று நான் சத்தமிட்டேன். என் குரல் எனக்கே அந்நியமாக ஒலித்தது.

அது கல்நார்க் கயிறு. நெருப்புக்கு அஞ்சாத அந்தக் கனிம நாரை உலகமெங்கும் கப்பல்களிலும் மின்நிலையங்களிலும் புகைக்குழாய்களுக்குச் சுற்றினார்கள். அதன் நுண்ணிழைகள் மூச்சோடு நுரையீரலுக்குள் போனால் வெளியே வருவதில்லை. இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழிந்தபின் நுரையீரற் புற்றுநோயாகவும், நுரையீரலைச் சூழ்ந்த சவ்வின் புற்றுநோயாகவும் அவை தம்மை வெளிப்படுத்தலாம். கல்நாரின் எல்லா வகைகளும் புற்றுநோய் தரக்கூடியவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு.

இதனைச் சொல்லி முடித்தபோது பட்டறையில் ஓசையில்லை. பட்டறைக்காரர் கயிற்றை மெதுவாகப் பெட்டிக்குள் வைத்தார். "இருபது வருசம் கையாலை பிடிச்சனான், மாஸ்ரர். ஒருத்தரும் சொல்லேல்லை" என்றார்.

அவருக்கு ஆறுதல் சொல்ல எனக்கு என்ன தகுதி? நான் மாணவனாக இருந்தபோது ஆய்வுகூடத்தில் முக்காலியின்மேல் வைத்தது நடுவில் வெள்ளை வட்டம் உள்ள கம்பிவலை. அந்த வெள்ளை வட்டம் கல்நார். ஆசிரியனான பின்பும், பழைய அலுமாரியிலிருந்த அவ்வலைகளைத் துடைத்து மாணவர் கையிற் கொடுத்திருக்கிறேன். படித்தவனாகிய நான் அறிந்திருந்தும் எண்ணிப்பார்க்காத குற்றம், அறியாமல் செய்த அவருடைய பிழையிலும் பெரிது. அதை அவரிடம் சொன்னேன். பிறகு இருவருமாகக் கயிற்றின்மேல் தண்ணீர் தெளித்துத் தூள் பறக்காமல் நனைத்து, இரண்டு பொலித்தீன் பைகளுக்குள் ஒன்றின்மேல் ஒன்றாக இட்டுக் கட்டினோம். எரிக்கவும் கூடாது, கிணற்றருகே எறியவும் கூடாது. முறைப்படி ஒப்படைக்கும்வரை மூடியே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம்.

சந்தைக்கு அருகிலுள்ள உதிரிப்பாகக் கடையில் கண்ணாடி இழை நாடா கிடைத்தது. மோட்டார்ச் சைக்கிள் வைத்திருக்கும் இளைஞர்கள் புகைக்குழாய்க்குச் சுற்ற வாங்குவார்களாம். அதிலும் தோல் அரிக்கும். ஆகவே கையுறை போட்டு, மூக்கையும் வாயையும் மூடி, நாடாவை நீரில் நனைத்து, ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றின்மேல் சிறிது ஏறும்படி இழுத்துச் சுற்றினோம். இரு முனைகளையும் துருப்பிடியாத உருக்குக் கம்பியாற் கட்டினோம்.

எல்லா இடத்தையும் சுற்றலாகாது என்பதையும் அங்கே கற்றுக்கொண்டோம். குழாயை இயந்திரத்தோடு இணைக்கும் சிலிக்கோன் வளையத்தை மூடினால் அது வெந்து பிளந்துவிடும். உருளையை மூடினால் இயந்திரமே இறுகிப்போகும். நாடா எண்ணெயில் ஊறினால் தீப்பற்றலாம். உப்புநீரில் ஊறினால் அந்த ஈரத்தைப் பிடித்துவைத்துக் குழாயை அரிக்கும். ஓட்டம் முடிந்ததும் நன்னீரால் கழுவிக் காயவைக்கவேண்டும்.

பிற்பகலில் திரும்பும்போது, வானத்தில் எழுந்து நின்ற மின்நிலையப் புகைபோக்கிகளை வீதியிலிருந்தே பையனுக்குக் காட்டினேன். 24 மெகாவாற்று ஆற்றலுடைய 'உத்துரு ஜனனி' மின்நிலையம் 2013இல் சுன்னாகத்தில் இயங்கத் தொடங்கியது. அத்தகைய பேரியந்திரங்களிலும் புகைக்குழாய்களுக்குப் போர்வை உண்டு. ஆனால் நோக்கம் வேறு. அங்கே எரிபொருள் கசிந்து சூடான இரும்பில் பட்டால் தீ மூளும். கப்பல்களுக்கான சர்வதேச விதியும், எரிபொருள் தெறிக்கக்கூடிய இடத்தில் 220 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறும் பரப்பை மூடவேண்டும் என்றே சொல்கிறது. மாதிரிப் படகில் வேகத்துக்காகச் சுற்றுவதை, கப்பலில் உயிருக்காகச் சுற்றுகிறார்கள்.

இயந்திரத்திலிருந்து வெளியேறுவது எங்கே போகிறது என்ற கேள்வியைச் சுன்னாகத்தார் நன்கு அறிவார்கள். மின் உற்பத்தியோடு தொடர்புடைய கழிவெண்ணெய் நிலத்தடி நீரிற் கலந்து, கிணற்று நீரைக் குடிக்க முடியாமற் போன துயரம் அவர்களுடையது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு மின் உற்பத்தி நிறுவனம் ஒன்றுக்குக் கட்டளையிட்டது. சுண்ணக்கற் பாறை ஒரு சல்லடை. மேலே சிந்துவது கீழே போய்ச் சேரும். அன்று பட்டறையில் மீந்த எண்ணெயைப் பையன் நிலத்தில் ஊற்றப் போனபோது, பட்டறைக்காரரே அவனைத் தடுத்து ஒரு கலனைக் காட்டினார்.

அடுத்த சனிக்கிழமை மூவரும் தொண்டைமானாற்றுக்குப் போனோம். முதல் ஓட்டத்தில் படகு சோரவில்லை; ஆனால் முழு வேகத்துக்கு ஏறவும் தயங்கியது. இப்பொழுது குழாய் முன்னையிலும் சூடாக இருந்தது. அலை முந்தித் திரும்பியது. குழாயை இணைப்பில் ஒரு விரற்கடை வெளியே இழுத்து நீட்டினோம். நாதஸ்வரக்காரர் சீவாளியைச் சரிசெய்வது போன்ற வேலைதான். மறுமுறை விட்டபோது ஒலி ஏறி ஓரிடத்தில் நின்றது. இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று, ஐந்தாம் சுற்று; நீர் தெறித்துக்கொண்டே இருந்தது, சுருதி இறங்கவில்லை. பையன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். பட்டறைக்காரர் துள்ளி மகிழ்ந்ததைப் பார்த்தால் தாய்மாமன் அவருக்குத்தான் படகைக் கொடுத்தாரோ என்று தோன்றும்.

கரையில் அமர்ந்து தேநீர் குடிக்கும்போது, வைத்தியசாலைக்குப் போய் நெஞ்சைக் காட்டும்படி அவரை வற்புறுத்தினேன். இரண்டு வாரம் தட்டிக்கழித்தார். பையன்தான் ஒருநாள் விடியற்காலை அவர் வீட்டு வாசலில் போய் நின்று அழைத்துச் சென்றான். படம் எடுத்துப் பார்த்து, இப்போதைக்குப் பயமில்லை, ஆண்டுதோறும் வந்து காட்டவேண்டும் என்று சொல்லியனுப்பினார்களாம்.

நானும் கல்லூரிக்குத் திரும்பிய திங்கட்கிழமையே ஆய்வுகூட அலுமாரியைத் திறந்தேன். பின்தட்டில், தூசியின் கீழே, வெள்ளை வட்டமுள்ள வலைகள் பதினொன்று இருந்தன. நனைத்து, இரு பைகளில் இட்டுக் கட்டி, மேலே பெயரெழுதி, பூட்டி வைத்தேன். அன்று வகுப்பில் ஒலியின் வேகம் பாடம். கரும்பலகையில் நாதஸ்வரத்தையும் புகைக்குழாயையும் அடுத்தடுத்து வரைந்தேன். பின்வரிசையிலிருந்து இணுவில் பையன் எழுந்து, "சேர், கணக்கை நான் செய்யட்டோ?" என்றான்.